டெனாலி பேருந்தில் சத்தம் போடத் தெரியாத ஒரு நாள்

செப்டம்பர் முதல் வாரத்தின் நீண்ட விடுமுறைக்கு நானும் என் அறைத்தோழியும் அலாஸ்கா போக டிக்கெட் எடுத்திருந்தோம். கடைசி நேரத்தில் அவளுக்கு விசா ஸ்டாம்பிங் தேதி கிடைத்து சென்னைக்குப் போய்விட்டாள். என் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது என்பதால் டெக்சஸ் இர்விங்கிலிருந்து தனியாகவே கிளம்பினேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான்தான். முதலில் இப்படித் தனியாக ஊர் சுற்றியதும் நான்தான் என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

டாலஸிலிருந்து ஆங்கரேஜுக்கு நேர் விமானத்தில் ஏழு மணி நேரம். அங்கிருந்து டெனாலி தேசியப் பூங்கா 237 மைல். கார் ஓட்டப் பயந்து வேனில் போனேன். காலை ஏழுக்கு ஏறி மதியம் பன்னிரண்டுக்கு இறங்கினேன். பூங்காவுக்குள் ஒரே சாலைதான். 15 மைல் வரை சொந்தக் காரில் போகலாம், அதற்கப்பால் பூங்காவின் பேருந்துதான். நான் போனபோது நிலச்சரிவால் 43ஆவது மைலோடு சாலையை மூடியிருந்தார்கள். போய்வர ஐந்து மணி நேரம். கட்டணம் 33 டாலர், நுழைவுக்கு 15 தனி.

பேருந்தில் வழிகாட்டி கிடையாது. ஓட்டுநர், நரைத்த தலையுடன் ஒரு அம்மையார், கிளம்பும்போதே வழக்கத்தைச் சொல்லிவிட்டார்: விலங்கைப் பார்ப்பவர் ‘ஸ்டாப்’ என்று உரக்கக் கத்த வேண்டும். வண்டி நின்றபின் யாரும் சத்தம் போடக் கூடாது.

அலுவலகக் கூட்டத்தில் கை தூக்கவே பத்து நிமிடம் யோசிப்பவள் நான்.

“தமிழா கண்ணு? தனியாவா வந்தே?” என்றார் பக்கத்து இருக்கை ஆன்ட்டி. கலிபோர்னியாவின் சான் ரமோனில் இருபத்திரண்டு வருடம், சொந்த ஊர் பொள்ளாச்சி. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவர் கணவர், அங்கிள். “அடுத்த மாசம் ஊருக்கே திரும்பிப் போறோம். போன தடவை இங்க வந்து நாலு நாளும் மழைதான். இந்தத் தடவையாவது ஒரு கரடியப் பாத்துப்போடோணும்” என்றார் ஆன்ட்டி.

இருபது மைல் தாண்டியதும் மரங்கள் குட்டையாகிக் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. மிளகாய் வற்றல் காயப்போட்ட களம் மலைச்சரிவு முழுக்க நீண்டால் எப்படி இருக்கும், அப்படிச் செடிகள் சிவந்திருந்தன. கீழே சாம்பல் நிற ஆறு, பத்துப் பதினைந்து இழைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் போனது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு மின்கம்பம்கூட இல்லை. மேகத்துக்குள் இருந்த டெனாலி சிகரம் பத்து நிமிடம் மட்டும் வெளியே வந்தது.

39ஆவது மைல் தாண்டியதும் என் ஜன்னலுக்கு மேலே, சரிவில் தேன் நிறக் கரடி ஒன்று பழம் தின்றுகொண்டிருந்தது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. எழுந்து, இருக்கைகளைப் பிடித்தபடி ஓட்டுநரிடம் நடந்துபோய், “எக்ஸ்க்யூஸ் மி, மேடம்…” என்றேன். அதற்குள் இரண்டு வளைவு கடந்திருந்தது. இந்தச் சாலையில் பின்னால் எடுக்க முடியாது.

“இந்த வண்டியில் எக்ஸ்க்யூஸ் மி எல்லாம் வேண்டாம், பெண்ணே” என்றார் அவர். பேருந்தே சிரித்தது, ஆன்ட்டியைத் தவிர.

“நெசமாலுமே கரடியா?”

“ஆமா ஆன்ட்டி. ஸாரி.”

“பக்கத்துலதான உக்காந்திருக்கேன். என்னயக் கிள்ளியிருக்கலாமில்ல கண்ணு.”

“உடு” என்றார் அங்கிள். “அலாஸ்கால கரடியே இல்லீன்னு போன தடவையிலிருந்து சொல்லிட்டிருந்தியே, அந்தப் பேச்சாவது தீந்துது.”

திரும்பும்போது ஜன்னலை ஆன்ட்டிக்கு விட்டுக்கொடுத்தேன். கரடியைப் பார்த்த சரிவு இப்போது அங்கிள் பக்கம் வந்தது. அதில் பழுப்பாக ஒன்று தெரிந்ததும் “ஸ்டாப்” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வண்டி குலுங்கி நிற்க, பைனாகுலர்கள் எல்லாம் அங்கே திரும்பின.

பாறை.

“நல்ல பாறை. இதற்கு நானே இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன்” என்றார் ஓட்டுநர். நின்றதுதான் நின்றோம் என்று என்ஜினையும் அணைத்தார். எனக்கு இருக்கைக்கடியில் புகுந்துகொள்ளத் தோன்றியது. அப்போதுதான் ஆன்ட்டி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். மூன்று மணி நேரமாக ஓயாமல் பேசியவருக்குப் பேச்சு வரவில்லை. விரல் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் ஊன்றியிருந்தது.

“இடது பக்கம், கீழே, ஓடைக்கரையில். மூன்று” என்றேன், வழக்கமான என் குரலில். அந்த அமைதியில் அது கடைசி இருக்கை வரை கேட்டது.

தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும். பதினோரு நிமிடம் இருந்தோம். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டன. தாய் ஒருமுறைகூட எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“ஏனுங்க” என்று அங்கிளிடம் கிசுகிசுத்தார் ஆன்ட்டி. “கொட்டாவி விடுதுங்க.”

போக நினைப்பவர்களுக்கு: பேருந்து இடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். செப்டம்பர் நடுவில் பேருந்துகள் நின்றுவிடும். உள்ளே கடை கிடையாது. நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போனேன். சாப்பிட்டதில் ஒரு பருக்கைகூட வெளியே விழக் கூடாது, வாசனை பிடித்துக் கரடி வரும். காலையில் நல்ல குளிர், இரண்டு அடுக்கு உடை வேண்டும். எந்தப் பக்கம் உட்காருவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எந்தப் பக்கமானாலும் சரி. உங்கள் வண்டியில் யாராவது பாறையைப் பார்த்துக் கத்தினால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்க ஜன்னலையும் ஒருமுறை பாருங்கள்.