சிவப்பு தீட்டிய சரிவு

சர்வே வேலையாக வந்த நான், ஹாலிஎலைக்கு மேலே ஓடைக்கரையில் உட்கார்ந்து வரைபடத்துக்கு வர்ணம் தீட்டுகிறேன். பதுளை ஓயா ஆற்றுக்கு மழை மண்ணை அரித்துக் கொண்டுபோகும் சரிவுகளுக்கெல்லாம் சிவப்பு. எதிர்ச் சரிவில் காட்டை அழித்துத் தேயிலை வைத்திருக்கிறார்கள். செடிகளின் வேர்கள் வெளியே தெரிகின்றன. அடிவாரத்தில், தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரு காம்பராவாகக் குடியிருக்கப்போகும் புது லயத்துக்கு முளைக்குச்சிகள் அடித்தாகிவிட்டது.

கொழுந்தெடுக்கும் முத்தம்மா கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறாள்.

“அந்தச் செவப்பு என்னாங்க ஐயா?”

“பெருமழை பெஞ்சா மண்ணு சரியிற எடம்மா.”

“அங்கதானேங்க எங்களுக்கு லயம் கட்டப் போறாங்க!”

தூரிகையைக் கீழே வைக்கிறேன். இதுவரை நான் தீட்டிய சிவப்பு யாரையும் இடம் மாற வைத்ததில்லை. ஈரம் காயாத படத்தோடு தோட்டத்து துரையைப் பார்க்கக் கிளம்புகிறேன். கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி வேண்டாமென்று கையைப் பிசைகிறார். முத்தம்மா என்னை முந்தி நடக்கிறாள்.

துரை படத்தைப் பார்க்கிறார். பிறகு எங்களோடு வந்து சரிவில் ஏறி, பூட்ஸ் காலால் மண்ணை உதைக்கிறார். அது மாவாக உதிர்ந்து ஓடையில் விழுகிறது. லயத்தை அங்கே கட்டலாமென்று, மேட்டில் புல் மூடிக் கிடக்கும் பாறைத் தளத்தைக் கைகாட்டுகிறார்.

“தண்ணி தூக்கத்தான் தூரம்” என்று முணுமுணுத்தாலும் முத்தம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. பெண்கள் குச்சிகளைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு மேடேறுகிறார்கள். நானும் மூச்சு வாங்க அவர்கள் பின்னால் ஏறுகிறேன்.

எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்த முத்தம்மா, வெறும் புல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்துக் கத்துகிறாள்: “இந்த ஓரத்துக் காம்பரா என்னோடதுங்க!”