பதக்கம் வென்ற மூவரைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுபோன கதை

1988 சியோல் ஒலிம்பிக் முடிந்த அடுத்த சனிக்கிழமை, எட்டுக் கிலோ எடையுள்ள வீடியோ ரெக்கார்டரைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ரவாங்கிலிருந்து கிளம்பினேன். கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் சித்தி மகள் சரோஜா பால் மரம் வெட்டுகிறாள், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறாள். அவள் மகள் தேவிக்குப் பன்னிரண்டு வயது. அவளை ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒப்புதல் பாரம் திங்கட்கிழமைக்குள் பள்ளிக்குப் போயாக வேண்டும். தகப்பன் மணியம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். காரணம், கால் முழுக்கத் தெரியும் உடுப்பு.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்கின் ஒட்டுமொத்தப் பிரிவு இறுதிச் சுற்றை நான் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தேன். முதல் மூன்று இடம் பெற்ற பெண்களையும் அந்த மனிதர் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பஸ் காலை 8.40. பத்தாங் பெர்ஜுந்தையில் இறங்கி மாற வேண்டும். மொத்தம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், இரண்டு வெள்ளி நாற்பது காசு. கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்தார்.

“வீடியோவா அக்கா? யாரு படம்?”

“ஜிம்னாஸ்டிக்.”

“பாட்டு இருக்கா?”

“இருக்கு. சண்டை கிடையாது.”

“அப்ப யாரு லா பார்ப்பாங்க?”

பத்தரைக்குக் கோலசிலாங்கூர். நேரமிருந்தால் புக்கிட் மெலாவத்தி குன்றில் ஏறுங்கள். பீரங்கிகளும் கடலும் தெரியும். கைப்பையை மட்டும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள். நான் ஏறவில்லை, சுமை இருந்தது. டாக்சிக்கு ஐந்து வெள்ளி. ஒன்பது கிலோமீட்டரில் தோட்டம்.

அங்கே மின்சாரம் மாலை ஆறு மணிக்குத்தான் வரும். கலர் டிவி இருப்பது தோட்ட மண்டபத்தில் மட்டும், பூட்டிய மரப்பெட்டிக்குள். அதன் சாவி மண்டபக் கமிட்டித் தலைவரிடம். தலைவர் யாரென்றால், பால் நிறுக்கும் மேற்பார்வையாளரான மண்டோரும் தேவியின் அப்பாவுமான மணியம்.

“அண்ணி, பக்கத்துல கோயில் இருக்கு. காலத் தூக்குறதையெல்லாம் இங்க போட முடியாது.”

“போன வாரம் குத்துச்சண்டை பார்த்தீங்களே தம்பி? அவங்க என்ன வேட்டியா கட்டியிருந்தாங்க?”

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் அதற்குள் சரோஜா லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். ஆறரை மணிக்கு முப்பது பெண்கள் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு மணியம் திறந்தார்.

சோவியத் பெண்ணும் ருமேனியப் பெண்ணும் மாறி மாறிப் பறந்தார்கள். உடுப்பைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. எல்லார் கண்ணும் நடுவர் மேல்தான். தினமும் பால் நிறுக்கும் இடத்தில், தண்ணீர் கலந்திருக்கிறது என்று எடையில் பிடித்தம் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். ருமேனியப் பெண்ணுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு மதிப்பெண் வந்ததும் பின்வரிசையிலிருந்து குரல் எழுந்தது.

“இந்தப் புள்ளைக்கு எதுல பிடிச்சாங்க?”

“நம்ம மண்டோர் அங்கயும் போயிட்டாரு போல.”

மணியத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் சோவியத் பெண் மரக்குதிரையைத் தாண்டிப் பத்து வாங்கி, புள்ளி சைபர் இரண்டு ஐந்து வித்தியாசத்தில் தங்கத்தை எடுத்தாள். “தராசுல இது தெரியக்கூடத் தெரியாது,” என்றார் மணியம், ருமேனியப் பெண்ணுக்காக வருந்தி. மூன்றாவதாக வந்த நெட்டைப் பெண்ணும் சோவியத்துதான். மூவரும் மேடையில் நின்றபோது தேவி எழுந்து நின்றிருந்தாள்.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஓட்டப் பந்தயம் பிடிக்கும். வயதுக்கு வந்த பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று நானே நின்றுகொண்டேன். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், நாற்பத்துநாலு வயதாகியும் அதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

சரோஜா பாரத்தை நீட்டினாள். மணியம் மறுத்துத் தலையை ஆட்டினார். “பாக்குறது வேற. என் புள்ள வேற.”

“இதுல கடைசி வரியில தாய் போட்டாலும் போதும்னு எழுதியிருக்கு,” என்றேன்.

“இவளுக்குத் தமிழ்லதான் போடத் தெரியும். மலாய் பாரத்துல அது செல்லாது.”

சரோஜா நாற்காலியில் பாரத்தை வைத்து, எல்லார் முன்னாலும், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். “செல்லலன்னா அவங்க வந்து கேக்கட்டும். பெத்தவ நான்.”

திங்கட்கிழமை பள்ளியில் யாரும் கேட்கவில்லை. பாரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் உறவிலும் இப்படி ஒரு பாரம் கிடந்தால், சில குறிப்புகள். தோட்டத்துக்குள் டாக்சி வர யோசிக்கும். வாடகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். டிவிக்கு இணைக்கும் கம்பி நீளமாக இருக்கட்டும். ஆண்களிடம் கேட்பதற்கு முன் பெண்களிடம் சொல்லிவிடுங்கள். பாரத்தின் கடைசி வரியை நீங்களே வாசியுங்கள். மற்றவர் வாசித்துச் சொல்வதை நம்பாதீர்கள்.

பயிற்சி சனிக்கிழமை காலைகளில், கோலசிலாங்கூரில். அன்று சரோஜா அரை நாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறுகிறாள். மணியம் இன்னும் அவளோடு பேசவில்லையாம். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது வருத்தமா என்று கேட்டேன்.

“பேசாம இருக்கட்டும்கா,” என்றாள். “மூணு வாரமாத்தான் வீட்ல என் குரலும் கேக்குது.”