இசிகேலி மாஸ்டரின் ஆறரை

ஆங்கிலப் பரீட்சையில் ஆங்கில வாத்தியாரே தேறவில்லை என்ற சேதி பிஜித் தீவின் சிங்கடோகா சந்தைக்கு வந்து சேர அரை நாள்கூட ஆகவில்லை. மரவள்ளிக்கிழங்கு விற்கிறவள் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்ன மாஸ்டர், இங்கிலீஷ்ல கோட்டை விட்டுட்டீங்களாமே?"

இசிகேலிக்குப் பையை அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடலாம் போலிருந்தது. "கோட்டை எல்லாம் விடல. பேச்சு, வாசிப்பு, காதால கேக்கறது எல்லாத்துலயும் எட்டுக்கு மேல. எழுத்துல மட்டும் ஆறரை. ஏழு வேணுமாம்."

"அரைதானே? நான் கிழங்குல அரை கூடப் போட்டுத் தரேன், கொண்டுபோய்க் குடுங்க."

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரால் சிரிக்க முடியவில்லை.

இஸ்திரி போட்ட சூலு வேட்டியும் டையும் அணிந்து, சட்டைப் பையில் சிவப்புப் பேனாவுடன்தான் இசிகேலி எப்போதும் பள்ளிக்கூடம் போவார். கல்யாணப் பத்திரிகையோ கிராமத் தலைவரின் வரவேற்புரையோ, அந்த வட்டாரத்தில் ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் அவர் கண்ணில் ஒருமுறை பட்டால்தான் அச்சுக்குப் போகும். அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த ஆறரை.

எல்லாம் மனைவி வசெமதாவால் வந்தது. அவள் நர்ஸ். அதே பரீட்சையை எழுதி முதல் தடவையே தேறி, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிவிட்டாள். அங்கே வாத்தியாராகப் பதிவு செய்துகொள்ள இசிகேலிக்கும் அந்த மதிப்பெண் வேண்டும். "எனக்கு எதுக்கு கோச்சிங்?" என்று கேட்டுவிட்டு நேரே பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஓர் இசைக்கருவியாவது கற்க வேண்டுமா என்பது கேள்வி. விடிகாலையில் தேவாலய வாசலில் மர முரசு அடிப்பதிலிருந்து கட்டுரையை ஆரம்பித்தார் இசிகேலி. ஓசை ஆற்றைத் தாண்டிப் போய் மலையில் மோதித் திரும்பியது. முரசடிப்பவரின் முழங்கையில் வியர்வை வழிந்தது. முடிய ஐந்து நிமிடம் என்று மணி அடித்தபோது கட்டுரை இன்னும் அந்த வாசலிலேயேதான் நின்றிருந்தது. அவசரமாக ஒரு முடிவுரையை ஒட்டவைத்துவிட்டு, "இந்த வருஷம் அவங்க வாசிச்சதுலயே இதுதான் நல்ல கட்டுரையா இருக்கும்" என்று பெருமையோடு வெளியே வந்தார். ஆறரை வந்ததும் மறுமதிப்பீட்டுக்குப் போட்டார். வாரக்கணக்கில் காக்க வைத்துவிட்டு, மாற்றமில்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கணக்கு வாத்தியார் வினேஷ் கவுண்டர், இசிகேலியோடு மச்சான் முறை கொண்டாடும் சிநேகிதர். அவர் சொன்னார்: "நீ ரொம்ப எளிமையா எழுதிட்டே மச்சான். பெருசு பெருசா வார்த்தையைத் தூக்கிப் போடு. படிக்கிறவன் அகராதியைத் தேடணும்."

மனம் வெறுத்திருந்த நேரம், அதையும் செய்தார். இந்தத் தடவை ஆறு.

"மச்சான், நீ கீழ இறங்கிக்கிட்டே போறியே" என்றார் வினேஷ்.

"வாயை மூடுடா. உன் பேச்சைக் கேட்டதுக்கு எனக்கு இது வேணும்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் வசெமதாவுக்காக ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். இன்னொரு முறை முடியாது என்றுவிட்டார்கள். அவள், மகள் லைசாவை அழைத்துக்கொண்டு முன்னால் போவதென்றும், இசிகேலி தேறிவிட்டு வருவதென்றும் முடிவாயிற்று. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம், கேள்வி கேட்கிற முறையே தப்பு என்று இசிகேலி மறுபடியும் ஆரம்பித்தார். "'சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் அப்படிச் சொல்கிறார்கள்'னு போடறான். யார் அந்தச் சிலர்? இந்த ஊர்ல யாராவது அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

வசெமதா தலையில் அடித்துக்கொண்டாள். "லைசாப்பா, அவன் கேட்டதுக்குப் பதில் எழுதினா ஆச்சு. நீங்க என்னடான்னா அவனையே குறுக்கு விசாரணை பண்றீங்க."

"நீ எப்படி எழுதினே?"

"வார்டுல டியூட்டி மாத்தும்போது எழுதற மாதிரி. என்ன நடந்துச்சு, ஏன், இனி என்ன பண்ணணும். அடுத்து வர்றவளுக்குப் புரியணும், அவ்வளவுதான்."

"அது கட்டுரையா?"

"உங்க கட்டுரையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. என் பிளேன் வெள்ளிக்கிழமை."

அவள் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது. டின் மீனும் கிழங்குமே அவருக்குச் சாப்பாடு. போனில் லைசா "எப்ப வருவீங்கப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் அவளுடைய புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றினார். வேறு வழியில்லாமல் நந்தி நகரத்தில் ஒரு செருப்புக்கடை மாடியில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் அப்படியே திரும்பிவிடப் பார்த்தார். பலகையின் முன்னால் நின்றிருந்தவள் கெலெரா. இவரிடம் படித்தவள், கட்டுரையில் உயிரே இல்லை என்று இவர் வகுப்பின் முன்னாலேயே திட்டிய பெண்.

"உக்காருங்க சார்" என்றாள் அவள். அந்தக் குரலில் கேலி இல்லை. அதுவும்கூட அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, தாளை அவர் பக்கமே தள்ளினாள். "சார், கேள்விக்கு உங்க பதில் ஆமாவா, இல்லையா? எந்த வரியில சொல்லியிருக்கீங்கன்னு விரலை வைச்சுக் காட்டுங்க."

விரல் முதல் பத்தியைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. கடைசி வரிவரை போய், வைக்க இடமில்லாமல் நின்றது. 'கேட்டதற்குப் பதில் எங்கே?' என்று எத்தனை பிள்ளைகளின் தாளில் அவரே சிவப்பு மையில் கிறுக்கியிருப்பார்!

"இது... படிச்சா தானா புரியும்."

"திருத்தறவருக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல சார். மொதல்லயே சொல்லிடுங்க. ஒரு பத்திக்கு ஒரு காரணம், அதுக்கு ஓர் உதாரணம். முடிஞ்சதும் எழுந்திரிச்சுடுங்க."

"இப்படி எழுதினா அது கட்டுரை இல்லம்மா. மளிகை லிஸ்ட்."

"சரி சார், லிஸ்ட்டே எழுதுங்க. லைசா காத்திருக்கால்ல?"

இசிகேலி புதுத் தாளை எடுத்தார். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போனார். ஒவ்வொரு வாரமும் ஓர் உவமையையாவது உள்ளே நுழைத்துவிடுவார். கெலெரா சளைக்காமல் அதை அடித்துத் தள்ளுவாள். "இது அழகா இருக்கு சார், ஆனா எதுக்கு இருக்கு?" என்பாள். ஒருநாள் கோபத்தில் பேனாவை வீசிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பஸ் நிலையத்தில் ரொட்டி வாங்கித் தின்றார். தின்று முடித்ததும் மறுபடி மாடியேறி வந்து உட்கார்ந்தார். கெலெரா பேனாவை எடுத்து நீட்டினாள்.

மூன்றாவது முறை, நகரத்து நடுவில் கார்களைத் தடை செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். யார் அந்தச் சிலர் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார். செய்யலாம் என்று முதல் பத்தியிலேயே எழுதினார். புகை ஒரு பத்தி, நெரிசல் ஒரு பத்தி. பாலத்தருகே கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட, பிரசவத்துக்குப் போன ஆம்புலன்ஸை ஓர் உதாரணமாகச் சொன்னார். நேரம் மிச்சமிருந்தது. அந்த லாரியிலிருந்து உதிரும் கரும்புத் தோகையைப் பற்றி ஒரே ஒரு வரி சேர்க்கக் கை துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

ஏழு வந்தது. சேதி தெரிந்ததும் வினேஷ் ஆசிரியர் அறையில் யங்கோனா வேர்ப் பானம் கலக்க உட்கார்ந்துவிட்டார். முதல் சிரட்டையைக் குடித்து இசிகேலி வழக்கப்படி கைதட்டினார். ஆனால் முகம் மட்டும் இறுகிக் கிடந்தது.

"தேறிட்டே மச்சான், அப்புறம் ஏன் உம்முனு இருக்கே?"

"அந்தக் கட்டுரையை என் வகுப்புப் பையன் எழுதியிருந்தா இருபதுக்குப் பத்து போட்டு, கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். முரசுக்கு ஆறரை, புகைக்கு ஏழு! எந்த ஊரு நியாயம்டா இது?"

டியூட்டி முடிந்து வசெமதா போனில் கூப்பிட்டாள். அவளிடமும் அதையே ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அவள் இடைமறித்தாள்.

"லைசாப்பா, ஏழு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "டிக்கெட்டைப் போடுங்க. கிழங்கு கிழங்குன்னு எதையும் கட்டிட்டு வராதீங்க, ஏர்போர்ட்லயே பிடுங்கிக்குவான். நீங்க வந்தா போதும்."

சரி என்றார். போனை வைத்ததும் வினேஷிடம் திரும்பினார். "அவளும் முழுசாக் கேக்க மாட்டேங்கறா. நீயாவது கேளு. அந்த முரசுக் கட்டுரை எப்படி ஆரம்பிக்குதுன்னா..."

வினேஷ் அடுத்த சிரட்டையை நிறைத்து அவர் கையில் திணித்தார்.