நகத்தளவு நூலகத்தின் ஒரே வாசகி

"கட்டைவிரல் நகத்தைவிடப் பெருசா இந்தக் கை ஒரு புத்தகம் செஞ்சா, என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேளுங்க!"

அச்சகத்தில் தேநீர் வேளையில் பொடியார் இப்படி முழங்கியபோது, அதைக் கேட்கும் பேறு பெற்றவர்கள் மிஷின்காரரும் காகிதம் வெட்டும் இயந்திரமும்தான். இயந்திரம் மரியாதை தெரிந்தது, பேசாமல் இருந்தது.

"அப்போ பகல் முழுக்க இங்க தலையணை தலையணையா ரிஜிஸ்டர் தைக்கிறது யாருண்ணே?" என்றார் மிஷின்காரர்.

"அது சம்பளத்துக்குத் தைக்கிற கை. நான் சொல்றது வேற கை."

இப்படி இரண்டு கைகளுக்குள் நான்கு கைகளை அடக்கி வைத்திருந்தவரின் வரலாற்றை எழுதாமல் விடுவது அநியாயம். தொழில், பைண்டிங். மிஞ்சும் தாள் நறுக்குகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வீடு திரும்புவார். அவற்றை மடித்து, பட்டு நூலில் ஓர் இழையை மட்டும் உருவித் தைத்து, செருப்பு தைப்பவரிடம் கேட்டு வாங்கிய தோலில் அட்டை போடுவார். உள்ளே மெல்லிய நிப்பால் எறும்பைப் பற்றியும் மிளகைப் பற்றியும் எழுதுவார். பெரிய எழுத்து என்பது வாசகரின் காதில் கத்துவது என்பது அவருடைய இலக்கியக் கொள்கை. சுவரொட்டிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த இலக்கியத்துக்கு உலகில் இருந்த வாசகர் தொகை ஒன்று. மற்றவர்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அவர் மனைவியோ ஜன்னலோரம் நின்று வெறுங்கண்ணால் கடகடவென்று வாசிப்பார். சமீபத்தில் அந்த வேகம் இன்னும் கூடியிருந்தது. தன் நடை முதிர்ந்துவிட்டது என்று பொடியார் முடிவு செய்தார். இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் அசரவில்லை. "புரையோடயே என் எழுத்தைப் படிக்கிறா!" என்று அச்சகத்தில் மார்தட்டினார்.

ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று சொட்டு மருந்துகள். எதை எப்போது விட வேண்டும் என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு அகலமாக, நாகரிகமே இல்லாமல் இருந்தது. பொடியார் விவரத்தை அதன் பின்பக்கத்தில் பொடியாக எழுதி, அந்தச் சீட்டையே நறுக்கிப் பக்கங்களாக்கி, சிவப்புத் தோல் போட்டு மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கு. பார்த்து விட்டுக்க."

"சரிங்க," என்றார் அந்த அம்மாள். கணவர் வேலைக்குப் போனதும் புட்டிகளைத் தடவிப் பார்த்தார். மூன்றும் ஒரே உயரம்.

கண் சிவந்து வீங்கியபோது மறுபடி ஆஸ்பத்திரி.

"எந்த மருந்தும்மா அடிக்கடி விட்டீங்க?" என்றார் டாக்டர்.

"எல்லாம் எழுத்துல இருக்கு டாக்டர்," என்று பொடியார் பெருமிதத்தோடு நூலை நீட்டினார்.

"இது என்ன, சாவிக்கொத்துல மாட்டுறதா?" டாக்டர் அதைக் கண் பார்க்கும் கருவிக்கு அடியில் வைத்துப் படித்தார். பிறகு அம்மாளைப் பார்த்தார். "உங்களால இதைப் படிக்க முடியுதா?"

"முடியலைங்க."

புது மருந்து எழுதினார் டாக்டர். வீக்கம் வடிந்தால் பார்வை தேறலாம், இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பொடியார் மெல்லக் கேட்டார்:

"எப்போலேர்ந்து?"

"மிளகுப் புத்தகத்துலேர்ந்து."

"அதை நீ சத்தமாப் படிச்சுக் காட்டினியே!"

"நானா இட்டுக்கட்டிச் சொன்னேன். நல்லா வந்திருக்குன்னு நீங்கதான் தலையாட்டினீங்க."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"என் பொண்டாட்டி வெறுங்கண்ணால படிப்பான்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்தீங்க. அந்த வாயை நான் எப்படிங்க அடைக்கிறது?"

பொடியார் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போய், ரிஜிஸ்டருக்குப் போடும் முரட்டு அட்டைகளைக் கேட்டு வாங்கினார். 

வீட்டில் தரையில் அட்டையை விரித்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு பக்கத்துக்கு ஒரு மருந்து என்று எழுதினார். நிப்புக்குப் பழகிய கை. 'காலை' என்ற சொல்லின் துணைக்கால் அட்டையைத் தாண்டித் தரையில் இறங்கியது. பக்கங்களைச் சணலால் தைத்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார்.

அம்மாள் வெகுநேரம் பார்த்தார். "கறுப்பா ஏதோ தெரியுதுங்க."

"கத்தி எழுதியிருக்கேன்டி."

"இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்களேன்."

பொடியார் சணலை அறுத்துவிட்டு, இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்ட உட்கார்ந்தார்.