பரவாயில்லை சாரின் வண்ண அட்டை

சர்க்கரை போடாத தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். அதற்குப் பிறகுதான் மனைவி தன் டம்ளரை வாயில் வைத்து முகத்தைச் சுளிக்கிறார்.

"சர்க்கரை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். பரவாயில்ல."

அலுவலகத்தில் அவர் பெயரே 'பரவாயில்லை சார்'. சிறு கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இடம் அது. அவருடைய நாற்காலிக்கு ஒரு கை இல்லை. இருக்கிற கையின் பக்கமே சாய்ந்து உட்கார்ந்ததில், சட்டையின் ஒரு முழங்கை மட்டும் நைந்திருக்கிறது. பையில் குடை இருக்கிறதா என்று வீட்டில் பார்க்கமாட்டார். மழை வந்த பிறகு துழாவுவார். இருந்தால் பிடிப்பார், இல்லையென்றால் நனைவார்.

அவர் எழுதும் புரோகிராமும் அப்படித்தான். பிறர் எழுதிவைத்த பேக்கேஜ்களை வாங்கிச் சேர்த்துக்கொள்ளாமல் இன்று யாரும் புரோகிராம் எழுதுவதில்லை. கேட்ட பேக்கேஜ் கணினியில் இல்லாவிட்டால் மற்றவர்களின் புரோகிராம் வாசலிலேயே முரண்டு பிடித்து நிற்கும். இவருடையது எட்டிப் பார்க்கும், இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் ஓசைப்படாமல் மீதி வேலையைப் பார்க்கும்.

"நம்ம புரோகிராம் இதுவரைக்கும் எங்கயும் விழுந்ததில்ல" என்பார். அவர் பெருமையடித்துக்கொள்ளும் ஒரே விஷயம். விழாமலிருப்பது அவ்வளவு பெரிய குணமா என்பதை அவர் யோசித்ததில்லை, பெயின்ட் கடை அக்கா போன் செய்யும் வரை.

"தம்பி, உன் புரோகிராம்ல வண்ண அட்டை அடிச்சேன். எலுமிச்சை மஞ்சள், சாம்பலா இருக்கு. கடல் நீலம், அதுவும் சாம்பல். செங்கல் சிவப்பும் சாம்பல்! நான் பெயின்ட் விக்கிறேனா, மேகம் விக்கிறேனா?"

"பிரின்டர்ல மை..."

"மையெல்லாம் வழிய வழிய இருக்கு. சாயங்காலம் கான்ட்ராக்டர் வர்றாரு, ஒரு குடியிருப்பு முழுசுக்கும் நிறம் பாக்க. அட்டை இல்லன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவாரு. அப்புறம் நானும் எதிர்க்கடைக்காரன் வச்சிருக்கிற புரோகிராமையே வாங்கிக்குவேன், ஆமா."

பரவாயில்லை சார் ஓடினார். கடையில் கணினி புதிது. வண்ணத்துக்கான பேக்கேஜை அதில் யாரும் போடவில்லை. பில் போட அது தேவையில்லை என்பதால் குறை வெளியே தெரியவும் இல்லை. அட்டை கேட்டபோது புரோகிராம் கறுப்பு வெள்ளையில் சமாளித்து, திரையில் 'வேலை முடிந்தது' என்றும் எழுதிவிட்டது.

பேக்கேஜைப் போட்டார். பிரின்டர் செங்கல் சிவப்பைத் துப்பிக்கொண்டிருக்கும்போதே கான்ட்ராக்டர் படியேறினார். மை காயாத அட்டையைப் புரட்டிவிட்டு, விரல் நுனியில் ஒட்டிய மஞ்சளைச் சுவரில் தேய்த்துப் பார்த்தார். "இதுவே போடுங்க" என்றார்.

கான்ட்ராக்டர் போனதும் அக்கா இவர் பக்கம் திரும்பினார். "உன் புரோகிராமுக்கு வாய் இல்லையா தம்பி? காலையிலயே கத்தியிருந்தா எனக்கு இந்தப் படபடப்பு வந்திருக்குமா?"

"கத்தினா நின்னுடும்க்கா."

"நிக்கட்டுமே! என்ன, குடியா முழுகிடும்?"

அவர் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தார். பேக்கேஜைத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கினால், வண்ணமே தேவைப்படாத பில்லும் நின்றுபோகும். அட்டை கேட்கும் இடத்தில் மட்டும் நின்று, என்ன இல்லையென்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதுவதற்கு நான்கே வரிதான். ஆனால் திரையில் காட்ட வேண்டிய வாசகத்தை 'முடிந்தால் போடவும்' என்று எழுதி அழித்தார். 'இருந்தால் நல்லது' என்று எழுதி அதையும் அழித்தார். மூன்றாவதாக ஒன்றை எழுதி, சோதித்துப் பார்க்கப் பேக்கேஜை நீக்கிவிட்டு அட்டை கேட்டார்.

புரோகிராம் நின்றது. திரையின் நடுவில் சிவப்பாக ஒரு வரி: 'வண்ண பேக்கேஜ் இல்லை. அது இல்லாமல் அட்டை அடிக்க முடியாது.'

"என்ன சொல்லுது?" என்று அக்கா எட்டிப் பார்த்தார்.

சபை நடுவே வாய்விட்டுக் கத்திவிட்டவர் போல, அவர் சட்டென்று உள்ளங்கையால் அந்த வரியை மூடினார். பிறகு ஒவ்வொரு விரலாக விலக்கினார்.