செக்கிங்கில் தூக்காத கை

சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த சட்டை கம்பெனியில், சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் பெண்கள் வரிசையாக கேட்டுக்கு வருவார்கள். அங்கே செக்கிங்குக்குக் கங்கம்மா நிற்பாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். துணி கிணி ஒளித்து வைக்கவில்லை என்று அவள் தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவாள். மானக்கேடுதான், வேறென்ன? தினமும் நடக்கிற கூத்து என்பதால் மற்றவர்கள் பேச்சுக்கு நடுவிலேயே கையைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கடப்பேரியிலிருந்து வரும் அருள்மேரி மட்டும் அந்த வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்பாள்.

அவளுடைய இடது கை தோளுக்கு மேலே போகவில்லை.

பொங்கல் சமயத்தில் ஆரம்பித்த வலி. முதலில் கொண்டை போடக் கை எட்டவில்லை. பிறகு அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தையல் மிஷினில் கை மேஜைமேலேயே கிடப்பதால் வேலை மட்டும் எப்படியோ ஓடியது. வாய் திறந்து யாரிடமாவது சொன்னாளா என்றால், இல்லை. சொல்ல அவளுக்கு அவ்வளவு பயம்.

காரணம் அவள் அப்பா ஏசுபாதம். பல்லாவரம் குவாரியில் கல் உடைத்த மனுஷன். ஒருநாள் இடது கை குடைகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று அம்மா பூண்டு சுட்டுக் கொடுத்தாள். விடிவதற்குள் ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இடது கை வலி என்றால் நெஞ்சுவலி என்றே அர்த்தம். டாக்டரிடம் போனால் அதையேதான் சொல்லப்போகிறார் என்று அருள்மேரி போகவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். புருஷன் வேலை பார்த்த ஒர்க்ஷாப் மூடிக் கிடந்ததால் வீட்டில் அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

அவளாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். கையை அசைக்காமல் இருந்தால் நெஞ்சுக்கு வேலை குறையுமாம். வீட்டுக்கு வந்ததும் இடது கையை உடம்போடு ஒட்டவைத்து, முந்தானையால் சுற்றி, சேப்டி பின் குத்திக்கொள்வாள். படுக்கும்போதும் அப்படியே. இதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது. கட்டக் கட்ட கை இன்னும் இறுகியது. இறுக இறுக, அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று அவள் இன்னும் கெட்டியாகக் கட்டினாள்.

கேட்டில் வலது கையை மட்டும் உயர்த்தி, உடம்பைச் சாய்த்து எப்படியோ நழுவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்டோரில் துணி குறைகிறது என்று செக்கிங்கைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

"இன்னாடி, உனுக்கு ஒரு கைதான் கீதா? அத்தயும் தூக்கு" என்றாள் கங்கம்மா.

"முடியலக்கா."

"அக்குள்ல இன்னா வச்சிகினு கீற?"

கேட்டுக்கொண்டே அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தாள். அருள்மேரி போட்ட அலறலில் வரிசையே பின்வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை. நெஞ்சு வெடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"எங்கப்பா மாதிரியே நானும் போறேன்க்கா. எம் பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்திருக்கும். யாராச்சும் போய்ப் பாருங்க."

கங்கம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே இருந்த லேடி டாக்டர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். "இதயத்துல ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கு." அருள்மேரி நம்பவில்லை. டாக்டர் அவள் முழங்கையை இடுப்போடு சேர்த்து வைத்து, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. தூக்கிப் பார்த்தார். தோள்பட்டையும் கூடவே எழும்பியது.

"நீங்க தூக்கினாலும் போகல, நான் தூக்கினாலும் போகல. மூட்டைச் சுத்தி இருக்கிற சவ்வு இறுகிடுச்சு. ஃப்ரோஸன் ஷோல்டர். இது என்ன, பின் குத்தின தழும்பு?"

கட்டி வைத்த கதையை அழுதுகொண்டே சொன்னாள். ரத்தத்தைப் பரிசோதித்ததில் சர்க்கரையும் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம்.

"கட்டவே கூடாது. வெந்நீர்ல துண்டை நனைச்சு ஒத்தடம் குடுங்க. அப்புறம் சுவர்ல விரலை வச்சு, வலி தாங்குற வரைக்கும் மெல்ல மேல ஏத்துங்க. முழுசா குணமாக ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகும். வெடுக்குனு யாரையும் இழுக்க விடாதீங்க." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது டாக்டர் கங்கம்மாவைப் பார்த்தார். கங்கம்மா சீலிங் ஃபேனைப் பார்த்தாள்.

அதோடு பயம் போய்விட்டதா? எங்கே போனது. முதல் நாள் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் சுவர் முன்னால் போய் நின்றாள். விரல் ஒவ்வொரு தடவை ஏறும்போதும், இதோ நெஞ்சு நிற்கப்போகிறது என்று நிறுத்தி, மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். நிற்கவில்லை. மறுபடி ஏற்றினாள். கேட்டில் கங்கம்மா, "இன்னிக்கு எவ்ளோ போவுது, காட்டு" என்று தூணைக் காட்டுவாள். அருள்மேரி தூணில் விரலை ஏற்றுவாள். வேலை போகவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் இரண்டு கையும் ஒன்றாக மேலே போனபோது, கங்கம்மா தடவிப் பார்க்க மறந்தே போனாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் சாயங்காலம், வரிசையில் நின்றிருந்த அருள்மேரிக்கு வலது தோளில் சுருக்கென்றது. அதே குடைச்சல். முந்தானை நுனி தானாகவே அந்தக் கைமேல் வந்து சுற்றிக்கொண்டது. ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையை உதறி எடுத்தாள்.

"அக்கா" என்றாள், வரிசை முழுவதும் கேட்கும்படி. "இந்தக் கையும் ஆரம்பிச்சிடுச்சிக்கா. எனுக்கு பயமா கீது. டாக்டராண்ட இட்டுனு போ."