சின்னப்பொண்ணு சுருட்டி வைத்த பாய்

இடது தோள் திடீரென்று இழுத்துப் பிடித்தால் நீங்கள் முதலில் யாரிடம் போவீர்கள்?

1991 வரை இருங்காட்டுக்கோட்டைக்காரர்கள் சின்னப்பொண்ணுவிடம் போனார்கள். அவள் கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் காலால் மூன்று முறை நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. கல்யாண வீட்டில் அவளை ஓரம் கட்டிய ஊர், சுளுக்கென்றால் மட்டும் வாசலில் வந்து நின்றது. அவள் காசு வாங்குவதில்லை. வந்தவர்கள் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் அதுவே போதும்.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு மாலை கண்ணப்பன் வந்தான். பெங்களூர் சாலையோரம் இரும்பு வார்க்கும் கம்பெனியில் அவனுக்கு உலை வேலை.

"யக்கா, தோள்ல புடிச்சிகினு வுட மாட்டேங்குது. ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்தேன்."

"எதனா துன்னியா?"

"டீயும் பீடியும்."

"நல்ல விருந்துதான். குப்புறப் படு."

அவன் முதுகெல்லாம் சில்லென்ற வியர்வை. அவள் கால் வழுக்கியது. "வுட்டுடுச்சுக்கா" என்று சிரித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனவன் உலையருகே விழுந்தான், எழவில்லை. வயது முப்பத்தெட்டு.

ஊர் கண்ணேறு என்றது. கம்பெனியோ தலைவிதி என்று சொல்லிப் பூமாலை அனுப்பியது. அரசு மருத்துவர்தான் அவன் மனைவி கங்காவிடம் மாரடைப்பு என்றார். தோள்வலியும் வியர்வையும் அதன் அடையாளம் என்றார். தூக்கம் எத்தனை மணி, பீடி எத்தனை, ரத்த அழுத்தம் எப்போது பார்த்தது என்று கேட்டார். எந்திரத்துக்கு வாரந்தோறும் எண்ணெய் பார்க்கிற கம்பெனிக்காரர்கள், பதினாறு மணி நேரம் நெருப்பின் முன் நின்றவனுக்கு ஒரு நாளும் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. இதில் விதி எங்கிருந்து வந்தது?

கங்கா இதையெல்லாம் வந்து சின்னப்பொண்ணுவிடம் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆடியில் மாரி வந்தான். அதே உலை, அதே தோள், அதே வியர்வை. பாயை அவனே விரித்தான். அவள் யாரோடும் பேசி ஒன்பது நாளாகியிருந்தது. நீவினால் அரை மணி நேரம் துணை இருக்கும்.

அவள் பாயைச் சுருட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"சுளுக்குக்கா? உன் காலு இன்னா, ரிட்டையர் ஆயிடுச்சா?"

"ஆமா. வா."

சாலையில் நின்று லாரியை மறித்தாள். மாரி பிழைத்தான். உலை வேலைக்கு இனி ஆகமாட்டான் என்று கம்பெனி அவனை நிறுத்த, குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டான். சின்னப்பொண்ணுவின் காலில் ராசி போய்விட்டதென்று பேச்சுப் பரவியது. அப்புறம் யாரும் வரவில்லை. பாய் சுருட்டியபடியே மூலையில் நிற்கிறது.

நாளை உங்கள் தெருவிலும் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்பார். பாய் விரிக்காதீர்கள். வண்டி பிடியுங்கள், கூடவே போங்கள். அப்படியே, சுளுக்கு இல்லாமலே ஒரு சின்னப்பொண்ணுவின் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.